கோபுரத்திடம் திருப்பிக் கேட்கலாமா?

மதிப்புக்குரிய விமானப்படைத் தளபதி அவர்களுக்கு,

சீனக்குடாவில் உங்கள் பயிற்சி விமானங்கள் ஓடுபாதையைத் தொட்டதும் மறுபடி எழும்பிச் சுற்றுவதைத் துறைமுகத்தில் வேலை செய்தபடியே பார்த்தவன் நான். இளம் விமானிகள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசப் பழகுவதும் அங்கேதான். அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்த மடல்.

கப்பலில் பைலட் கட்டளையிட்டால் சுக்கான் பிடிப்பவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார். வானிலும் அதே வழக்கம். ஆனால் திருப்பிச் சொல்வது வேறு, திருப்பிக் கேட்பது வேறு.

2022 ஜூன் 13 அன்று லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த நம் நாட்டு விமானம் யூஎல் 504, துருக்கிக்கு மேலே 33,000 அடியில் பறந்தது. 35,000 அடிக்கு ஏறச் சொன்னது அங்காரா வான் கட்டுப்பாடு. அந்த உயரத்தில், 15 மைல் தொலைவில், பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம் ஒன்று இருப்பதை நம் விமானிகள் கவனித்துச் சொன்னார்கள். பாதையில் தடையில்லை என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார்கள், பதில் மாறவில்லை. அவர்களும் ஏறவில்லை. சில நிமிடங்களில் ‘ஏறவேண்டாம்’ என்று அவசரமாக அறிவித்தது அதே அங்காரா. அப்போது வெளியான செய்திகள் சொன்னது இது. உள்ளே 275 பயணிகள்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் நடந்தது இதற்கு நேர்மாறு. ரஷ்ய விமானமொன்றில் மோதல் தவிர்ப்புக் கருவி ஏறச் சொன்னது, கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானிகள் மனிதக் குரலுக்குப் பணிந்தார்கள். இன்னொரு விமானத்தோடு மோதி 71 பேர் மாண்டனர். கட்டுப்பாட்டாளரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவு தனியாளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி இணைப்பும் பராமரிப்பில் இருந்தது.

பாதுகாப்புக்கு ஒவ்வாத கட்டளையை ‘முடியாது’ என்று மறுக்க விமானிக்கு விதி இடம் தருகிறது. ஆனால் படையில் விதியோடு பதவிப் பட்டியும் பேசும், ஐயா. கோபுரத்தில் இருப்பவர் மூத்த அதிகாரி, விமானத்தில் இருப்பவர் இருபது வயதுப் பயிலுநர் என்றால், ‘சேர், இன்னொருமுறை பாருங்கள்’ என்பது அவன் வாயில் சுலபமாக வருமா?

விபத்துக்குப் பிறகு வாதாடி என்ன பயன்? 1978 நவம்பர் 15 அன்று கட்டுநாயக்காவில் இறங்க வந்த ஐஸ்லாந்து விமானம் விழுந்து 183 பேர் இறந்தார்கள். நம் விசாரணை விமானிகளைக் குறை சொன்னது. ஐஸ்லாந்துத் தரப்போ தரையிறக்க வழிகாட்டிக் கருவியையும் ராடாரிலிருந்து வந்த தகவலையும் குறை சொன்னது.

ஆகவே மூன்று கோரிக்கைகள். சீனக்குடா வகுப்பறையில் யூஎல் 504இன் கதையை முதல் வாரத்திலேயே பாடமாக வையுங்கள். ஒவ்வொரு பயிலுநரும் ஒரு முழுப் பணிமுறை கோபுரத்தில் உட்காரட்டும். கட்டுப்பாட்டாளர்களும் பயிற்சி விமானத்தின் இரண்டாம் இருக்கையில் ஏறி, அந்த இரைச்சலில் தங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று ஒருநாள் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியன்,
திருகோணமலை