கோடி ரூபாய்க் காரும் குட்டி மூடியும்

பருத்திப்பட்டு ஏரிக்கரைப் பக்கம், ஆவடி - பூந்தமல்லி சாலை ஓரத்தில், விடியற்காலையில் நின்று பாருங்கள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சோற்றுத் தூக்கோடு கம்பெனி வேனுக்காகக் காத்து நிற்பார்கள். அம்பத்தூருக்கு ஒரு கூட்டம், பாடிக்கு ஒரு கூட்டம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போக ஒரு கூட்டம். மோட்டார் வண்டிக்கு ஏதாவது ஒரு உறுப்பைச் செய்து பிழைக்கிறவர்கள் இவர்களில் பலர்.

அங்கே ஒரு டீக்கடையில் நடந்த பேச்சு இது. ஓர் இளைஞன் கைப்பேசியில் சிவப்புப் பந்தயக் கார் ஒன்றைக் காட்டினான்.

"அண்ணே, இது மணிக்கு முன்னூறு கிலோமீட்டர் போவும்."

பிரேக் பகுதியில் இருபது வருஷம் நின்று வேலை செய்த பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "போறது இருக்கட்டும் தம்பி, நிக்குமா?"

"அஞ்சு கோடி குடுத்து வாங்குற வண்டி, நிக்காமப் போயிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பெரியவர் கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வண்டி பறப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக விளம்பரம் போடுகிறவர்கள், அது நிற்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அந்தச் சிவப்புக் கார் இத்தாலி நாட்டு பெர்ராரி கம்பெனியினுடையது. 2022-ஆம் ஆண்டில் அந்தக் கம்பெனி சீனாவில் விற்ற 2,222 கார்களையும், அமெரிக்காவில் விற்ற 23,555 கார்களையும் பழுது பார்ப்பதற்காகத் திரும்ப அழைத்தது. என்ன பழுது? எஞ்சினா? இல்லை. சக்கரமா? அதுவும் இல்லை. பிரேக் ஆயில் டப்பாவின் மூடி!

எண்ணெய் டின்னைத் திறக்கிற எந்தத் தாய்க்கும் தெரிந்த சங்கதிதான் இது. ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். எதிர் மூலையிலும் ஓர் ஓட்டை போட்டுக் காற்றை உள்ளே விட்டால்தான் ஒழுங்காக இறங்கும். பிரேக் ஆயில் டப்பாவும் அப்படியே மூச்சு விட வேண்டும். பிரேக் பேடு தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும்; இறங்குகிற இடத்தில் காற்று புக வேண்டும். அந்த மூடியில் காற்றுப் போக்கு சரியில்லை. டப்பாவுக்குள் வெற்றிடம் உண்டாகி, ஆயில் கசியக்கூடும் என்றார்கள். மிதியை அழுத்துகிற காலின் பலத்தைச் சக்கரம் வரைக்கும் கொண்டுபோவது அந்த ஆயில்தான். அது போனால் மிதி சும்மா இறங்கும். வண்டி தன் போக்கில் போகும். பரிகாரம்? புது மூடி ஒன்று. கூடவே, ஆயில் குறைந்தால் வண்டியை மெதுவாக ஓரம் கட்டச் சொல்லும் எச்சரிக்கை ஒன்று. அமெரிக்காவில் திரும்ப அழைத்த வண்டிகளில் 2005-ஆம் ஆண்டு மாடல்களும் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

பெர்ராரி மட்டும்தானா? ஜெர்மனியின் போர்ஷே கம்பெனி 2024 ஜூனில் தன்னுடைய டைக்கான் என்ற மின்சாரக் காரை உலகம் முழுவதிலிருந்தும் திரும்ப அழைத்தது. சுமார் ஒன்றரை லட்சம் கார்கள். முன் சக்கரத்துப் பிரேக் ஹோஸ் குழாயில் வெடிப்பு விழுந்து ஆயில் கசியலாம் என்பது காரணம். முன்னது மூடி, பின்னது குழாய். கோடி ரூபாய் வண்டியின் உயிர் கையகலச் சாமானில் தொங்குகிறது.

பணக்காரன் காருக்கு வந்த கேடு நமக்கென்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு வண்டியில் பழுது தெரிந்ததும், "தொழிலாளியின் கவனக் குறைவு" என்று ஒரு பல்லவி கிளம்புகிறது. பேப்பரில் வரும், மேனேஜர் வாயில் வரும், கடைசியில் மெமோவாக நம் கைக்கும் வரும். இந்தப் பல்லவி எவ்வளவு பொய் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் நான் ஒரு பட்டறையில் வேலை செய்தேன். பெயர் வேண்டாம். ஆரம்பத்தில் ஒவ்வொரு உருப்படியையும் கேஜ் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவோம். பிறகு ஆர்டர் கூடிற்று, ஆள் கூடவில்லை. பத்துக்கு ஒன்று பார்த்தால் போதும் என்றார்கள். அப்புறம் ஐம்பதுக்கு ஒன்று. கழித்துப் போட்ட உருப்படிகளுக்கு ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். மாதக் கடைசியில், லாரி வாசலில் நிற்கும்போது, அந்தச் சிவப்புப் பெட்டி காலியாகிவிடும்! எங்கே போயிற்று என்று ஒரு பையன் கேட்டான். கான்ட்ராக்ட் பையன். மறுநாள் அவனுக்கு கேட்டில் பாஸ் இல்லை. உருப்படியில் கோளாறு இருக்கிறது என்று சொன்னவன் தொழிலாளி. அதை வண்டியில் ஏற்றச் சொன்னவர் யார்?

இது நம் ஊர்ப் பட்டறையின் வியாதி மட்டும் அல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செய்த சில கார்களில் சாவி போடும் சுவிட்ச் ஓட்டத்திலேயே நழுவி எஞ்சின் நின்றுவிடும். மோதினால் உயிர் காக்கும் காற்றுப் பையும் விரியாது. கம்பெனி எஞ்சினீயர்களுக்கு இது பத்து வருஷத்துக்கு மேலாகத் தெரியும். 2014-இல்தான் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அதற்குள் மாண்டவர்கள் என்று கம்பெனி ஏற்படுத்திய நஷ்டஈட்டு நிதியே ஒப்புக்கொண்ட கணக்கு 124 பேர். சுவிட்சின் விலையோ மிக அற்பம். லைனில் நின்று திருகு முடுக்கியவனா இந்தப் பத்து வருஷ மௌனத்தைச் சாதித்தான்?

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் ஓடும் வண்டிகளின் பிரேக் சாமான்களில் பெரும் பங்கு நம் பாடியிலும் அம்பத்தூரிலும் பிறந்து வளர்ந்த தொழில். பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லும், அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங் 1964-லும் துவங்கியவை. ஊரின் உயிரை நிறுத்திக் காப்பாற்றுகிற தொழில் இது. கண்ணும் கையும் தெளிவாக இருக்க வேண்டிய வேலை. இப்படிப்பட்ட தொழில்கள் நிறைந்த மாநிலத்தில், 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி சட்டசபையில் என்ன செய்தார்கள்? பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள்! தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாகக் குரல் எழுப்பிய பிறகு, மே தினத்தன்று முதலமைச்சர் வாபஸ் என்று அறிவித்தார். பதினோராவது மணி நேரத்தில் ஒருவன் கண் கேஜின் கோட்டைப் பார்க்குமா, கடிகாரத்தைப் பார்க்குமா? கூலியைப் பற்றி மட்டும் அல்ல, வண்டியின் தரத்தைப் பற்றியும் பேசினவர்கள் தொழிலாளிகள்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். பழுதான வண்டியைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று அமெரிக்கர்கள் 1966-லேயே சட்டத்துக்கு வழி செய்தார்கள். ரால்ப் நேடர் என்ற வக்கீல் கார்க் கம்பெனிகளின் புரட்டுகளை 1965-இல் புத்தகமாக எழுதி அம்பலப்படுத்தி, ஜனங்கள் கொதித்த பிறகு வந்தது அது. நம் நாட்டில் 2012-இல் கார் முதலாளிகளின் சங்கம் தானாகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டது. கட்டாயம் இல்லை. அந்த விதியின் காலத்தில், 2013-இல், மறைமலை நகரில் செய்த போர்டு கம்பெனி கார்களில் 1,66,021 திரும்ப அழைக்கப்பட்டன. பின் அச்சிலும் பவர் ஸ்டியரிங் குழாயிலும் கோளாறு. (அந்தத் தொழிற்சாலையில் 2022-இல் உற்பத்தியே நின்றது. கார்களைத் திரும்ப அழைத்தவர்கள் தொழிலாளிகளை மட்டும் திரும்ப அழைக்கவில்லை.) கட்டாயச் சட்டம் 2019-இல் நிறைவேறி 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. தவறு செய்த கம்பெனிக்கு அபராதம் பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாய் வரை. ஒரு பந்தயக் காரின் விலை கூட இல்லை.

அதோடு ஒரு நிபந்தனை. வண்டிக்கு ஏழு வயதுக்குள் இருக்க வேண்டும்! ஏழு வயதுக்குள் வண்டி வைத்திருப்பவர் யார்? ஷோரூமில் வாங்குகிறவர். பருத்திப்பட்டு டீக்கடை வாசலில் நிற்கிற வண்டிகளைப் போய் எண்ணிப் பாருங்கள். இரண்டாம் கை, மூன்றாம் கை, பத்து வருஷம், பன்னிரண்டு வருஷம். தொழிற்சாலையில் பிறந்த பழுது ஏழாவது பிறந்த நாளில் செத்துவிடுமா என்ன?

பிரேக்கிலேயே ஜாதி வைத்திருக்கிறார்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். என்ற ஏற்பாடு 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். மோட்டார் சைக்கிள்களிலோ 125 சி.சி.க்கு மேற்பட்டதற்கு மட்டும்தான் என்றார்கள். அதற்குக் கீழே, ஆலைத் தொழிலாளியும் கொத்தனாரும் பால்காரரும் ஓட்டும் வண்டிகளுக்கு, இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சாதாரண ஏற்பாடு போதும் என்று விட்டார்கள். எல்லா இருசக்கர வண்டிக்கும் ஏ.பி.எஸ். என்று மத்திய சர்க்கார் 2025-இல்தான் வரைவு வெளியிட்டது. உடனே எழுந்த முணுமுணுப்பு என்ன தெரியுமா? விலை ஏறிவிடுமாம்! பந்தயக் காருக்குப் பிரேக் வைக்கும்போது யாரும் இந்தக் கவலைப்பட்டதில்லை.

சாவுக் கணக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்கிறது சர்க்கார் அறிக்கை. நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். இன்னும் 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். எல்லாச் சாவுக்கும் பிரேக்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்த வண்டிக்கு நல்ல பிரேக் முதலில் வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

கிராமத்துத் தோழர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் டிராக்டர் டிராலியில் பெண்களை ஏற்றிப் போகிறார்களே, அந்த டிராலிகளில் எத்தனைக்குத் தனியாகப் பிரேக் இருக்கிறது? டிராக்டர் நின்றாலும் பின்னால் பாரத்தோடு வரும் டிராலி அதைத் தள்ளிக்கொண்டு போய் ஏரிக்கரைச் சரிவில் கவிழ்க்கிறது. திரும்ப அழைப்பதற்கு அங்கே முதலில் ஒரு பிரேக் இருந்தாக வேண்டுமே!

ஆகவே, ஏழு வயது நிபந்தனையை எடுக்க வேண்டும். வண்டி எத்தனை கை மாறினாலும் பழுது கம்பெனியைச் சேர்ந்தது. கழிக்கப்பட்ட உருப்படியை ஏற்றாதே என்று சொல்லும் தொழிலாளியின் வேலைக்குச் சட்டத்தில் பாதுகாப்பு வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்து. டிராலிக்குப் பிரேக் இல்லாமல் ஆள் ஏற்றினால் உடையவர் மேல் வழக்கு வேண்டும், டிரைவர் மேல் மட்டும் அல்ல.

அன்று டீக்கடையில் பேச்சு முடிவதற்குள் வேன் வந்துவிட்டது. பெரியவர் எழுந்து, ஏறுவதற்கு முன் குனிந்து பின் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார். டயர் வழுவழுவென்று இருந்தது. "பிரேக் எப்படிப்பா?" என்று டிரைவரைக் கேட்டார். "ரெண்டு தடவ மிதிச்சா புடிக்கும்ணே" என்றார் டிரைவர். இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, பிரேக் செய்யும் தொழிற்சாலைக்கு அந்த வேன் கிளம்பிற்று.