முன்பணத்துக்கும் சாதி உண்டு

சொந்த வீடு வாங்கப் போகிறேன் என்று ஒரு தலித் இளைஞர் சொன்னால், நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி "மாசத் தவணை கட்ட முடியுமா?" என்பதுதான். வங்கியும் அதையே கேட்கிறது. சம்பளச் சீட்டைப் பார்க்கிறது, சிபில் மதிப்பெண்ணைப் பார்க்கிறது, 20 வருடத்துக்கு இஎம்ஐ போட்டுக் கொடுக்கிறது. ஒரே சம்பளம் என்றால் ஒரே தவணை. "பார்த்தீர்களா, கையில் காசு வந்துவிட்டால் சாதி ஓடிவிடும்" என்பவர்கள் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திக்கொள்கிறார்கள்.

தவணை வருவதற்கு முன்பே இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டிய முன்பணம். மற்றொன்று, வீட்டுக்காரரிடம் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் புரோக்கர். சாதி உட்கார்ந்திருப்பது இந்த இரண்டு படிகளில்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சென்னைப் புறநகரில் 40 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய தனி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். கடன் 30 லட்சத்தைத் தாண்டினால் 75 லட்சம் வரை 80 சதவீதம்தான். ஆக வங்கி கொடுப்பது அதிகபட்சம் 32 லட்சம். மீதி 8 லட்சம் நம் கையிலிருந்து வர வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். அது 3 லட்சத்து 60 ஆயிரம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இந்தச் செலவை வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடன் தரக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். அதனால் அதுவும் நம் கைக்காசு. புரோக்கர் கமிஷன் வழக்கமாக 1 முதல் 2 சதவீதம், அதாவது 40 ஆயிரத்திலிருந்து 80 ஆயிரம். வக்கீலிடம் பத்திரம் பார்க்க, பத்திர எழுத்தருக்கு, வங்கியின் பரிசீலனைக் கட்டணத்துக்கு என்று இன்னும் கொஞ்சம். மொத்தத்தில் 12 லட்சத்துக்கு மேல். இது வீட்டு விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இத்தனையும் முதல் தவணை கட்டுவதற்கு முன்பே.

இதோடும் முடிவதில்லை. "பத்திரத்தில் 30 லட்சம் போடுவோம், மீதி 10 லட்சம் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள், பதிவுச் செலவு மிச்சம்" என்பார்கள். மிச்சமாவது 90 ஆயிரம். ஆனால் வங்கி பத்திர மதிப்பைத்தான் பார்க்கும். 90 சதவீதம் கொடுத்தால்கூட 27 லட்சம்தான் கிடைக்கும். எடுத்து வைக்க வேண்டியது 8 லட்சத்திலிருந்து 13 லட்சமாக ஏறிவிடும். கறுப்பு வெள்ளை என்று இவர்கள் சொல்லும் ஏற்பாடு, கையில் ஏற்கெனவே பணம் வைத்திருப்பவர்களுக்காக ஏற்பட்டது.

இந்த 12 லட்சம் எங்கிருந்து வரும்? சாதி இந்துக் குடும்பத்துப் பையனுக்கு அப்பா ஊரில் அரை ஏக்கரை விற்பார், தாத்தா வீட்டுப் பாகம் வரும், அம்மாவின் நகை வரும், மாமனார் கொஞ்சம் தருவார். அவனும் "என் சம்பளத்தில் வாங்கினேன்" என்றுதான் சொல்லுவான். தலித் குடும்பத்தின் முதல் பட்டதாரியின் நிலை வேறு. அவரது சம்பளத்தில் ஊருக்கு ஒரு பங்கு போகிறது. தம்பியின் படிப்புக் கட்டணம், அப்பாவின் மருத்துவச் செலவு, கல்விக் கடன் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். ஊரில் இருக்கும் வீடோ அரசு கொடுத்த இலவச மனைப் பட்டா, அதுவும் விற்பதற்கு நிபந்தனைகளோடு. அதை அடமானம் வைத்துப் பணம் புரட்டுவது பெரும்பாடு.

இந்த வெறுங்கை தானாக வந்ததல்ல. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்கள் நிலமில்லாமல் ஆக்கப்பட்ட விதத்தை அறிக்கையாக எழுதினார். 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். அதில் பெரும்பகுதி கைமாறிப் போனதை நாம் அறிவோம். அதை மீட்கும் போராட்டத்தில் 1994-இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் பலியானார்கள். இன்று தாம்பரத்துக்குத் தெற்கே புரோக்கர்கள் நமக்கு மனை காட்டிச் சதுர அடி விலை சொல்வதும் அதே செங்கல்பட்டு வட்டாரத்தில்தான். நம் கையில் முன்பணம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருவாய்த்துறை ஆவணங்களில் பதில் இருக்கிறது.

அடுத்த படி புரோக்கர். போன வருடம் என் அக்காவுக்காக வீடு தேடினோம். அவர் அரசு மருத்துவமனையில் செவிலியர். போனில் விலை பேசி முடித்த புரோக்கர், நேரில் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மேடத்துக்குச் சொந்த ஊர் எது?" சொன்னோம். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னோம். "ஓனர் கொஞ்சம் பார்ப்பாங்க மேடம். நான் பேசிட்டுச் சொல்றேன்." மறுநாள், "வீடு முடிஞ்சிடுச்சு." அதே வீட்டுக்கான விளம்பரம் அதற்குப் பிறகும் ஒரு மாதம் ஓடியது.

இப்படி மறுப்பவர் யார் என்பதே தெரியாது. ஓனர் நம்மைப் பார்க்கவே இல்லை. "நான் சாதி பார்ப்பதில்லை" என்று அவர் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். அவருக்காகப் பார்ப்பதும் புரோக்கருடைய வேலைதான், அதற்கும் சேர்த்துத்தான் கமிஷன். "சைவம் மட்டும்", "நல்ல குடும்பம்", "நம்ம ஆளுங்க ஏரியா", "காலனி பக்கத்துல இல்லை" என்பதெல்லாம் இந்தத் தொழிலின் சொற்கள். காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் மனைக்கு விலை சொல்பவரின் வாயில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பத்து வீட்டில் மறுக்கப்பட்டவர், பதினோராவது வீடு கிடைக்கும்போது பேரம் பேசுவதில்லை. வில்லங்கம் பார்க்க ஒரு வாரம் கேட்பதில்லை. "இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க, இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு" என்றால் உடனே போட்டுவிடுகிறார். பட்ட அவமானம் அவரை அவசரப்படுத்துகிறது. அந்த அவசரத்தைப் புரோக்கர் காசாக்குகிறார். சாதிக்கு நாம் கட்டும் இந்த அபராதம் எந்த ரசீதிலும் வருவதில்லை.

ஆகவே இருக்கிற சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வோம். நிலம், வீடு விற்பனைக்கு 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தண்டத் தொகை வாங்குபவர் மேல்தான் விழும். "ரொக்கமாகக் கொடுங்கள்" என்றால் இதைச் சொல்லுங்கள். வங்கி வழியாகவே கொடுங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் சட்டம். வெறும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு லட்சங்களைக் கொடுக்காதீர்கள். புதிதாகக் கட்டும் அடுக்குமாடி என்றால், ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது ரெரா சட்டம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். மூலப்பத்திரத்தை வக்கீல் பார்த்த பிறகே முன்பணம். புரோக்கர் கமிஷன் எவ்வளவு என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள், பதிவு முடிந்த அன்று கொடுங்கள்.

இவை நம் பணத்தைக் காக்கும். மறுப்பிலிருந்து காக்காது. புரோக்கர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ரெரா சொல்வது, அந்தச் சட்டத்தில் பதிவான புதிய திட்டங்களை விற்பவர்களுக்கு மட்டும்தான். பழைய வீடு காட்டும் புரோக்கர் அதற்கு வெளியே நிற்கிறார். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு போன்றவற்றைச் சொல்கிறது, வீடு விற்பனையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அகமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளை மட்டும் உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. நம் கையில் இருக்கும் கருவி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தத்தில் பொருளாதாரப் புறக்கணிப்பு குற்றமாக்கப்பட்டது. வணிகம் செய்ய மறுப்பதும், மற்றவர்களோடு வழக்கமாகச் செய்யும் நிபந்தனைகளில் நம்மோடு செய்ய மறுப்பதும் அதன் வரையறைக்குள் வருகின்றன. வீடு விற்பனையில் நடக்கும் மறுப்புக்கு இந்தப் பிரிவைக் கையில் எடுக்க வேண்டும். தேதி, தொலைபேசி எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், புரோக்கர் அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

"சொந்த வீடு என்பது நடுத்தர வர்க்கக் கனவு, சாதி ஒழிப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். வாடகை வீட்டில் சாதி கேட்காமல் விட்டுவிடுகிறார்களா? 1917-இல் பரோடா அரசின் அதிகாரியாக, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், தங்கியிருந்த விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். பதவி இருந்தது, சம்பளம் இருந்தது, தலைக்கு மேல் கூரை இல்லை. ஊர் வேறு சேரி வேறு என்பதுதான் சாதியின் வரைபடம். அந்த வரைபடத்தை நகரத்தில் மறுபடியும் வரைய விடாமல் தடுப்பது சாதி ஒழிப்பு வேலைதான்.

அரசிடம் கேட்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில், நிலமற்ற ஆதிதிராவிடப் பெண்கள் விவசாய நிலம் வாங்க 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் மானியம் உண்டு. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டண விலக்கும் உண்டு. வயலுக்குச் சரி என்றால் வீட்டுக்கு ஏன் கூடாது? 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது, ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும். சென்னையைச் சுற்றி 10 லட்சத்துக்கு வீடு எங்கே இருக்கிறது? பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களின் முதல் வீட்டுக்கு 50 லட்சம் வரை இந்தக் கட்டணங்களை நீக்க வேண்டும். கைக்காசுக்குத் தாட்கோ வழியாகக் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். பழைய வீடு விற்கும் புரோக்கர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். சாதி கேட்டால் பதிவு ரத்து என்று விதி எழுத வேண்டும்.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வன்கொடுமை வழக்கு என்றால் இரவோடு இரவாக வக்கீலைத் தேடிக் கொடுக்கிறோம். அதே வக்கீல்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முதன்முதலாக வீடு வாங்கும் நம் பிள்ளைகளின் மூலப்பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் படித்துக் கொடுக்கட்டும். அவர்கள் டோக்கன் போடுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.