பிஸ்கட் டின்னில் கிடக்கும் கேசட்டை எறிந்துவிடாதீர்கள்

பினாங்கு வாழ் தமிழ் மக்களுக்குப் பழைய படங்களை நேசிக்கும் எங்கள் சிறு குழுவின் வேண்டுகோள்



போன தீபாவளிக்கு மறுநாள், ஆயர் ஈத்தாமில் எங்கள் தோழி ஒருவர் வீட்டில் கூடியிருந்தோம். தொலைக்காட்சியில் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ ஓடியது. 1958-இல் எஸ். எஸ். வாசன் எடுத்த படம். பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதும் அந்த நடனத்துக்காக அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தோம். நடனம் தொடங்கியது. இருவருக்கும் பாதம் இல்லை. கணுக்காலோடு படம் வெட்டுப்பட்டிருந்தது. சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. பரதம் பயிலும் பேத்தி கேட்டாள்: “பாட்டி, காலைக் காட்டவே மாட்டாங்களா?”

தோழி உள்ளே போய்ப் பெரிய பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கி வந்தார். அவருடைய அம்மா சேர்த்து வைத்த வீடியோ கேசட்டுகள். நல்ல வேளையாக ஒன்றில் அதே படம் இருந்தது. மறு வாரம் பழைய டெக் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டினோம். படம் நடுங்கியது, குறுக்கே கோடுகள் ஓடின, முகங்கள் வெளுத்திருந்தன. ஆனால் பாதங்கள் இருந்தன. தரையில் விழும் ஒவ்வொரு அடியும் தெரிந்தது. பேத்தி எழுந்து நின்று கூடவே ஆடிப் பார்த்தாள்.

இதற்குக் காரணம் எளியது. அந்தக் காலப் படங்கள் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற அளவில் எடுக்கப்பட்டவை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் அதே வடிவம். அதனால் கேசட்டில் படம் முழுசாக இறங்கியது. இன்றைய அகலத் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டும்போது படத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. விளம்பரத்துக்கு இடம் விட்டு நறுக்கிய பாட்டும் நகைச்சுவையும் தனிக் கணக்கு. பழைய படங்களைப் புதுப்பிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. 1964-இல் வந்த ‘கர்ணன்’ 2012 மார்ச்சில் டிஜிட்டலில் திரும்பி வந்தபோது எங்களைவிட மகிழ்ந்தவர்கள் இருக்க மாட்டார்கள். புதுப்பித்ததோடு, முதன்முதலில் திரையிட்ட வடிவத்தையும் வெட்டாமல் கொடுங்கள் என்றுதான் உரிமையாளர்களைக் கேட்கிறோம். அப்படிக் கேட்க, அந்த வடிவம் எப்படி இருந்தது என்று காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே.

ஆனால் பல படங்களுக்கு எதுவுமே மிஞ்சவில்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று இல்லை. எம். கே. தியாகராஜ பாகவதரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த ‘சிந்தாமணி’ (1937) இல்லை. எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் சுருள்கள் எரிந்தும் மக்கியும் போயின. வெள்ளி எடுப்பதற்காக உருக்கப்பட்டவையும் உண்டு.

பினாங்கில் தேடினால் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 1927-இல் பெர்லினில் வெளியான ‘மெட்ரோபோலிஸ்’ என்ற படம் விரைவிலேயே வெட்டிச் சுருக்கப்பட்டது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் முழுப் படம் கிடைக்கவில்லை. 2008-இல் ஏறக்குறைய முழுப் பிரதி கிடைத்த இடம் ஜெர்மனி இல்லை, கடல் கடந்த புவனோஸ் அய்ரஸ். உடம்பெல்லாம் கீறல் விழுந்த 16 எம்.எம். பிரதிதான். அதை வைத்துத்தான் படத்தை மீட்டார்கள். நம்முடையதும் துறைமுக ஊர். சென்னையிலிருந்து வந்த படப்பெட்டிகள் இங்கே இறங்கின. செபராங் பிறைத் தோட்டங்களில், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டதைப் பாய் விரித்துப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பிறகு லிட்டில் இந்தியாவில் வீடியோ கடைகள் வந்தன. வாடகைக் கட்டுப்பாடு நீங்கிய 2000-க்குப் பிறகு பழைய கடைவீடுகளைக் காலி செய்தபோது எத்தனை பெட்டிகள் ஐந்தடி நடைபாதையில் கிடந்து மழையில் நனைந்தனவோ! மிஞ்சியவற்றையாவது காப்பாற்றுவோம்.

இது தமிழ்ப் படத்துக்கு மட்டுமான கவலையும் இல்லை. ஜெமினி ஸ்டூடியோவுக்கு ‘மதனகாமராஜன்’ எடுத்து, பிறகு ‘சாலிவாகனன்’ படத்தையும் இயக்கிய பி. என். ராவ் சிங்கப்பூருக்கு வந்து 1957-இல் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் படத்தை இயக்கினார். மரியா மெனாடோ நடித்து, நாடே பயந்து ரசித்த படம். அதற்கும் இன்று பிரதி இல்லை. ஆகவே மலாய், சீன அண்டை வீட்டாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஸ்டோர் அறையைத் திறந்து பாருங்கள். கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடா அறுந்துவிடும், பூஞ்சை டெக்குக்குள்ளும் பரவும். வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். படச்சுருளில் காடி வாடை அடித்தால் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காற்றோட்டமாக வையுங்கள். 1950-களின் தொடக்கத்துக்கோ அதற்கு முன்போ உரிய சுருள் என்று தோன்றினால், அது நைட்ரேட்டாக இருக்கலாம், திறக்கவே வேண்டாம். விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், டிக்கெட் துண்டு எல்லாமே எங்களுக்கு வேண்டும். காட்சிகளின் வரிசையை உறுதி செய்ய அவை உதவும்.

கொடுத்ததைத் திருப்பித் தருவோம். விற்க மாட்டோம், இணையத்தில் ஏற்ற மாட்டோம், உரிமை உரியவர்களுடையது. எந்தக் காட்சி எந்த நிமிடத்தில் வருகிறது, இன்றைய பிரதியில் எது விடுபட்டிருக்கிறது என்று பட்டியல் எழுதி உரிமையாளர்களுக்கும், புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும், நம் நாட்டின் தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவுக்கும் அனுப்புவோம்.

இந்தத் தாள் எந்தக் கடையில் உங்கள் கைக்கு வந்ததோ, அந்தக் கடையிலேயே படத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வயதானவர்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். நாங்களே வீட்டுக்கு வந்து பார்க்கிறோம்.