பகடையின் மீது ஒரு பழி

கற்பனையில் அமிழ்ந்துபோகிறவனுக்கு மனிதர்களோடு பழகத் தெரியாது என்கிற வாதம் மிகப் பழையது. நாவல் வாசிப்பவர்கள் மீதும் ஒருகாலத்தில் இதே குற்றச்சாட்டு வைக்கப்பட்டது. அதைக் கேட்டுக் கொதிக்கிற இலக்கிய வாசகர்களே, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் அதே வாதத்தைக் கூச்சமின்றி எடுத்தாள்வதுதான் வேடிக்கை.

இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்ற 16 வயது மாணவன் ஒருவன் காணாமற்போனான். அவன் இதை ஆடுபவன் என்பது தெரிந்ததும், வளாகத்தின் நீராவிச் சுரங்கங்களில் விளையாடப் போய்த் தொலைந்திருப்பான் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அவன் உயிரை விடும் எண்ணத்தோடு அங்கே சென்றவன். மறு ஆண்டு அவன் இறந்தும் போனான். பகடையை விசாரித்தவர்கள், தன்னைவிட மூத்தவர்களிடையே தனித்து நின்ற ஒரு சிறுவனின் துயரத்தை விசாரிக்கவில்லை.

அந்த மேசையில் நிகழ்வதுதான் என்ன? "கதவுக்குப் பின்னால் காலடி ஓசை கேட்கிறது. என்ன செய்யப்போகிறீர்கள்?" என்கிறார் கதையை நடத்துபவர். ஒருவன் கதவை உடைக்கலாம் என்கிறான். இன்னொருத்தி ஒட்டுக்கேட்போம் என்கிறாள். வாதிட்டு, விட்டுக்கொடுத்து, முடிவெடுத்து, 20 முகப் பகடையை உருட்டுகிறார்கள். பகடை கைவிட்டால் விளைவு எல்லோருக்கும் பொது. ஒருவரை ஒருவர் வெல்வதல்ல இங்கே நோக்கம். தன் முறைக்குக் காத்திருப்பது, மாற்றுக்கருத்தைக் கேட்பது, தோல்வியைப் பகிர்ந்துகொள்வது ஆகியவை இல்லாமல் கதை ஓர் அடிகூட நகராது. பழகும் திறன் என்று நாம் சொல்வது இவற்றைத்தானே?

வேடத்தில் பேசுவது எப்படி நிஜப் பேச்சாகும் என்று கேட்கலாம். தன் குரலில் பேசக் கூசுகிறவன் ஒரு வணிகனாக நின்று பேரம் பேசுகிறான். வேடம் கற்பனைதான், பேசிய நாவும், எதிரே இருந்து பதில் சொன்னவரும் கற்பனை அல்ல. அடாவடிக்காரன் ஆதிக்கம் செலுத்தும் மேசைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவனையும் பேசித்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

நாவல் நமக்குப் பிறர் மனத்தைத் திறந்து காட்டுகிறது. ஆனால் எந்த நாவலின் பாத்திரமும் நம்மை மறுத்துப் பேசியதில்லை. அந்த மேசையில் இருப்பவர்கள் பேசுவார்கள்.