பின்சுவரில் நிற்கும் மலை

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பாதி தூரம் நடந்ததும், மலைக்கு மேற்கே வருகிறது அடி அண்ணாமலை. பெரிய கோயிலின் 217 அடி ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்கு இங்குள்ள ஆதி அருணாசலேசுவரர் கோயில் சின்னதாகத்தான் தெரியும். கால்வலியில் பலர் வாசலிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். பத்து நிமிடம் ஒதுக்கி உள்ளே போங்களேன்.

நந்தியைத் தாண்டி, மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று போகப் போக இடம் குறுகும், வெளிச்சமும் குறையும். வெளியே அலைந்த கண் அடங்கி, கடைசியில் ஒரு விளக்கொளியில் நிலைக்கும். அந்த இருட்டும் கட்டடக் கலைதான்.

தரிசனம் முடிந்ததும் பிராகாரம் சுற்றுங்கள். கிழக்கு பார்த்த சிவன் சன்னிதிகளில் கருவறைச் சுவரின் தெற்கே தட்சிணாமூர்த்தி, வடக்கே துர்க்கை, மேற்கே லிங்கோத்பவர் இருப்பது வழக்கம். கீழே பன்றியாகத் திருமால், மேலே அன்னமாகப் பிரம்மா, நடுவே அடிமுடி காணாத சோதி. அந்தச் சோதியே குளிர்ந்து இந்த மலையானது என்கிறது தலபுராணம். எந்த ஊர்ச் சிவன் கோயிலில் லிங்கோத்பவரைக் கும்பிட்டாலும் நாம் கும்பிடுவது அண்ணாமலையைத்தான்!

ஒரு வேண்டுகோள். கல்லின்மேல் விபூதி, குங்குமம் கொட்ட வேண்டாம். சூடமும் ஏற்ற வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏற ஏறச் சிற்பத்தின் முகம் மங்கும், கல்வெட்டின் எழுத்தும் மறையும். பெயர் தெரியாத சிற்பி உளியால் எழுதிவைத்த கதை அது. நம் பேரப் பிள்ளைகளும் படிக்கட்டுமே!