ஊருக்கு வெளியே உள்ள உணவுக்கடைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்ல ஆகாரத்தை நாடுகிறவர்கள் நகரத்தின் பிரதான வீதிகளிலேயே அதைத் தேட வேண்டும் என்ற அபிப்பிராயம் தொனிக்கத் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையை வாசித்தபோது, 1956-ஆம் வருஷம் செங்கோட்டை சென்னை ராஜ்யத்துடன் இணையும் வரையில் திருவிதாங்கூரின் எல்லையாக விளங்கியதும், இன்றும் ஜனங்களால் பார்டர் என்றே வழங்கப்படுவதுமான பிரானூரில், யாதோர் ஆடம்பரமுமின்றி நடைபெற்றுவரும் புரோட்டாக் கடைகளை நினைத்துக்கொண்டேன். குற்றாலத்தில் சாரல் பொழியும் ஆனி, ஆடி மாதங்களில், அருவியில் நீராடிக் குளிரோடும் பசியோடும் வருகிற பிரயாணிகள், தனவந்தரென்றும் கூலியாளென்றும் பேதமில்லாமல் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்க, இலையில் பிய்த்துப் போட்ட புரோட்டாவின்மேல் சால்னாவைத் தாராளமாக ஊற்றி, மிளகிட்டு வறுத்த கோழியையும் பக்கத்தில் வைக்கிறார்களே, அந்தச் சூட்டுக்கும் காரத்துக்கும் நிகரான சுகத்தைக் குளிர்சாதன மண்டபங்களில் நான் கண்டதில்லை. நகர மத்தியில் வாடகைக்குப் போகும் பணம் இங்கே பண்டத்துக்குச் செலவாகிறது. கூட்டத்தின் மிகுதியால், கல்லிலிருந்து எடுத்தது ஆறிப்போக அவகாசமும் இல்லை.

ஆனால் சீஸன் நாட்களில் கார்களும் வேன்களும் சாலையின்மீதே நிற்பதால், குழந்தைகளுடன் வருகிறவர்கள், விசேஷமாகப் பெண்கள், படும் சிரமம் சொல்லத் தரமன்று. வாகனங்கள் நிற்கத் தக்க இடமும், சுத்தமான கழிப்பிடமும், போதிய விளக்குகளும் அமைத்துத் தர அதிகாரிகள் முன்வர வேண்டுமென்று தாங்களும் தலையங்கத்தில் வற்புறுத்தினால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தென்காசி