காத்து இருக்கா மச்சி?

ஏற்காடு பைக் ட்ரிப்னா கூகுள் மேப், பவர் பேங்க், ரீல்ஸுக்குப் பாட்டு வரைக்கும் பிளான் பண்ணுவோம். டயர்ல காத்து எவ்வளவுன்னு கேட்டா மட்டும், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "ஓகே மச்சி" என்போம்.

காத்து குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிரும். அதிலேயே ரப்பர் சூடாகும். ரெண்டு பேர், பேக், வெயில், ஹைவே ஸ்பீடு எல்லாம் சேர்ந்தால் டயர் வெடிக்கலாம். மலையேறினால் 20 கொண்டை ஊசி வளைவு. வண்டி சொன்ன பக்கம் திரும்பாது. ஆனாலும் "வெயில் காலம், காத்தைக் குறைச்சு வை"ன்னு அட்வைஸ் பண்றாங்க. இது தலைகீழ் லாஜிக்.

பிசிக்ஸ் என்ன சொல்லுது? 27 டிகிரியில், அதாவது 300 கெல்வினில், கேஜ் 28 பி.எஸ்.ஐ. காட்டுதுன்னு வைங்க. வளிமண்டல அழுத்தம் 14.7 சேர்த்தால் 42.7. டயர் 57 டிகிரிக்குச் சூடானால் இது பத்து சதவீதம் ஏறும்; கேஜில் சுமார் 32. அதைப் பார்த்துப் பயந்து காத்தைத் திறந்து விடாதீங்க. கம்பெனி சொல்லும் அளவு ஆறிய டயருக்கானது.

அதனால் கிளம்பும்போதே பக்கத்து பங்கில் செக் பண்ணுங்க. பின்னால் ஆள் இருந்தால் பின் டயருக்கு அளவு மாறும், மேனுவலில் இருக்கும். டயர் மேலேயே அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, அதுவரை நிரப்பாதீங்க.

பின்னால் உட்காரும் ஃப்ரெண்ட் டயரைப் பார்த்து ஏறுவதில்லை, உங்களை நம்பித்தான் ஏறுறாங்க. ரெண்டு நிமிஷம் பங்கில் நில்லுங்க.